ஏ பிளஸ் பிளஸ், வாத்தியார் மைனஸ்

கண்ணன் ஒருவன், கோபியர் பலர். ராசலீலை நடந்த இரவில் ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு கண்ணன் நின்றானாம். தன் பக்கத்தில் நிற்பவன்தான் முழுநேரக் கண்ணன் என்று ஒவ்வொருத்தியும் நம்பினாளாம். அது துவாபர யுகம். கலியுகத்தில் அதே லீலை தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் நடந்துகொண்டிருப்பது 2024 ஜூலையில் தெரியவந்தது. ஒரே ஆள், ஒரே கல்வியாண்டில், 32 கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர். கோபியருக்காவது பக்கத்தில் ஒரு கண்ணன் நின்றான். இங்கே கண்ணன் எந்தக் கல்லூரியிலும் நிற்கவில்லை. அவனுடைய பிஎச்.டி. சான்றிதழின் நகல் மட்டும் 32 ஃபைல்களில் பத்திரமாக நின்றது.

அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் நாளொரு கல்லூரியாக பஸ் ஏறியிருந்தாலும் ஒரு சுற்று வர ஒரு மாதம் ஆகும். முதல் கல்லூரிக்குத் திரும்பி வரும்போது அங்கே கால் செமஸ்டரைத் தாண்டியிருப்பார்கள். தெர்மோடைனமிக்ஸின் முதல் விதியைச் சொல்லிவிட்டுப் போனவர், இரண்டாம் விதியைச் சொல்ல அடுத்த மாதம் வருவார். மூன்றாம் விதிக்குள் பையன்கள் அரியர் எழுதப் போயிருப்பார்கள்.

ஊழலுக்கு எதிராக இயங்கும் அறப்போர் இயக்கம் முதலில் வெளியிட்ட பட்டியலில் 353 பேர் இருந்தார்கள். 224 கல்லூரிகளில் அவர்கள் பெயர்கள் இரண்டும் மூன்றுமாக, பத்தும் அதற்கு மேலுமாகப் பரவிக் கிடந்தன. குற்றம் சொல்கிறவர்கள் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தக் கல்லூரிகளுக்கு இணைப்பு கொடுத்த அண்ணா பல்கலைக்கழகமே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. எண்ணியபோது கணக்கு இன்னும் கூடிப்போயிற்று. சுமார் 2,000 ஆசிரியர் இடங்களை 189 பேர் நிரப்பியிருந்தார்கள். ஆளுக்குப் பத்துக்கு மேல். மொத்தம் 52,500 இடங்களில் 2,000 என்றால் நூற்றுக்கு நாலுகூட இல்லையே என்று சமாதானம் சொல்ல ஆள் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இது அகப்பட்ட கணக்கு. ஒரே ஒரு கல்லூரியில் பெயரைக் கொடுத்துவிட்டு அந்த ஒரு கல்லூரிக்கும் வராத யோக்கியர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க உளவுத்துறையும் வரவில்லை, மோப்ப நாயும் வரவில்லை. யாரும் பார்க்கும்படி இணையதளத்தில் கிடந்த ஆசிரியர் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, வேறு வேறு கல்லூரி. எக்செல் கோப்பில் டூப்ளிகேட் தேடுவது ஜெராக்ஸ் கடைப் பையனுக்குத் தெரிந்த வேலை. அது, செயற்கை நுண்ணறிவில் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகத்துக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கமிட்டி கமிட்டியாகக் கல்லூரிகளுக்கு அனுப்பி, ஆய்வு நடத்தி, இணைப்பு கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமலா போயிற்று என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இரண்டே பதில்கள் உண்டு. ஒன்று திறமையின்மை, இன்னொன்று திறமை.

கல்லூரிகள் ஏன் இப்படி ஆளை நகல் எடுக்கின்றன? தரம் என்று நாம் சொல்வது அங்கே எண்ணிக்கை. 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், அதாவது ஏஐசிடிஇ, விதி வைத்திருந்தது. 1,200 மாணவர் படிக்கும் கல்லூரியில் 80 பேர் வேண்டும். ஆள் போதவில்லையா? போதும் என்று ஆகும்படி விதியையே மாற்றினார்கள். 2018இல் 15 என்பது 20 ஆயிற்று. அதே கல்லூரிக்கு 60 பேர் போதும். ஒரே விதிமாற்றத்தில் நாடு முழுக்கப் பற்றாக்குறை தீர்ந்தது. பாலிடெக்னிக்குகளுக்கும் அதே கருணை: 20 என்றிருந்ததை 25 ஆக்கினார்கள். உபரியாகிப்போன வாத்தியார்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இப்படித் தரம் உயர்ந்தது.

அந்த 60 பேரிலும் இத்தனை பேர் பிஎச்.டி., இத்தனை பேர் பேராசிரியர், இத்தனை பேர் இணைப் பேராசிரியர் என்று பங்கு உண்டு. பிஎச்.டி. முடித்தவருக்குக் கட்டும்படியான சம்பளம் கொடுக்க நிர்வாகத்துக்கு மனம் வருவதில்லை. மனம் இல்லாவிட்டால் என்ன, மார்க்கம் உண்டு. சான்றிதழை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். ஆளுக்குச் சம்பளம் தரவேண்டும், விடுப்பு தரவேண்டும், பி.எஃப். கட்டவேண்டும். நகலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

அப்படியானால் வகுப்பில் உண்மையில் நிற்பது யார்? போன வருடம் எம்.இ. முடித்த ஒரு பையனோ பெண்ணோ. அவர்கள் கதையைத் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி ஊரின் டீக்கடையிலும் கேட்கலாம். ஒரிஜினல் சான்றிதழ்களை வேலையில் சேரும் அன்றே வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையையும் அதே பீரோவில்தான் பூட்டியிருப்பார்கள். வங்கிக் கணக்கில் விதிப்படி சம்பளம் ஏறும், ஆனால் அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் என்று ஆசிரியர் சங்கங்கள் பல வருடமாகச் சொல்லிவருகின்றன. மே மாதத்தில் சம்பளம் இல்லை. அட்மிஷனுக்குப் பிள்ளை பிடித்து வந்தால் ஜூனில் பார்க்கலாம். பேராசிரியர் என்ற பட்டத்தோடு, கையில் கல்லூரி நோட்டீஸோடு, பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் வாசலில் வெயிலில் நிற்கிற ஆளிடம் போய் ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை எழுதினீர்கள் என்று கேட்கிறது தரக் கமிட்டி. அவர் எழுதுவார். காசு கொடுத்தால் வெளியிடுகிற பத்திரிகை இருக்கவே இருக்கிறது.

இப்போது இன்னொரு கூத்து. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடத்துக்கு மேல் கூடாது என்றிருந்த உச்சவரம்பை, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு என்று சொல்லி, 2024-27க்கான கையேட்டில் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று கடையை விரித்தார்கள். மெக்கானிக்கலும் சிவிலும் காற்று வாங்குகின்றன. அந்தத் துறை வாத்தியார்களை என்ன செய்வது? கோடை விடுமுறையில் ஐந்து நாள் ஆன்லைன் பயிற்சி கொடுத்து ஏஐ நடத்தச் சொல்லிவிட்டார்கள். இருபது வருடம் கேம் ஷாஃப்ட் வரைந்த கை இன்று நியூரல் நெட்வொர்க் வரைகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், இரவெல்லாம் யூடியூப் பார்த்துவிட்டுக் காலையில் வந்து நடத்துகிறார். அதே யூடியூபை அவருக்கு முன்னால் பார்த்துவிட்ட மாணவன் கடைசி பெஞ்சில் சிரிக்கிறான்.

ஆய்வு நாளுக்கு வருவோம். கல்லூரியின் பெண் பார்க்கும் வைபவம் அது. ஒரு வாரமாகச் சுண்ணாம்பு மணம். பழுதாகிக் கிடந்த லேத் மெஷினுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, அதன் மேல் 'தொடாதீர்கள்' என்று எழுதியாயிற்று. அது உண்மையும்கூட, தொட்டால் ஓடாது என்பது தெரிந்துவிடும். ஸ்டோர் ரூம் கதவில் 'ஆராய்ச்சி மையம்' என்று பலகை. நூலகத்துக்குப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து புத்தகம் வந்திறங்குகிறது. அடுத்த மாதம் இங்கிருந்து அங்கே போகும். புத்தகத்தோடு புரொஃபசர்களும் அதே வேனில் வந்திறங்குகிறார்கள். அன்று ஒரு நாள் வாசலில் நாதஸ்வரம், ரோஜாவும் சந்தனமும் ஏந்தி வரிசையில் பெண்பிள்ளைகள், மதியம் பதினெட்டு வகைக் கூட்டோடு விருந்து. மைக்ரோமீட்டரில் அளவெடுக்கக் கற்றுக்கொள்ளவேண்டிய நேரத்தில் அந்தப் பெண்பிள்ளைகள் தாம்பாளம் ஏந்துகிறார்கள். வந்திருக்கும் கமிட்டிக்காரர்களும் இன்னொரு கல்லூரியின் பேராசிரியர்களே. இன்று மாப்பிள்ளை வீட்டார், நாளை பெண் வீட்டார். ஒருவர் வீட்டு பஜ்ஜியை இன்னொருவர் குறை சொல்வாரா?

பஜ்ஜியோடு நின்றால் பரவாயில்லை. 2025 பிப்ரவரி முதல் தேதி சிபிஐ ஒரு செய்தி சொன்னது. ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் இருக்கும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை மதிப்பிட வந்த நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் கவுன்சில்) குழுவின் தலைவரும் உறுப்பினர்களும், லஞ்சம் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில், கொடுத்ததாகச் சொல்லப்படுகிற பல்கலைக்கழகப் பொறுப்பாளர்களோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டார்கள். மொத்தம் 10 பேர். கைப்பற்றியவை: 37 லட்சம் ரூபாய் ரொக்கம், ஆறு லேப்டாப், ஓர் ஐஃபோன் 16 ப்ரோ. ஏ பிளஸ் பிளஸ் தகுதிக்காக என்று குற்றச்சாட்டு. குழுவின் தலைவர் சாதாரண ஆள் இல்லை, இன்னொரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். வழக்கு நடக்கட்டும், தீர்ப்பு வரட்டும். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கல்லூரியின் கம்ப்யூட்டர் வசதியை மதிப்பிட வந்தவர்களிடமிருந்து ஆறு லேப்டாப். ஆய்வு என்றால் இதுவல்லவா ஆய்வு, பொருளை வீட்டுக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பது!

இதற்குப் பிறகு என்ன சீர்திருத்தம் வந்தது தெரியுமா? இனி நேரில் போய்ப் பார்ப்பதைக் குறைத்து ஆன்லைனில் மதிப்பிடலாம் என்கிறார்கள். ஏ, பி என்று தரவரிசை வேண்டாம், 'அங்கீகாரம் உண்டு', 'இல்லை' என்று இரண்டே போதும் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நேரில் போனபோது பெயின்ட் அடித்த லேத்தாவது கண்ணில் பட்டது. இனி அதன் போட்டோ போதும். பெயின்ட் செலவும் மிச்சம்.

எல்லாவற்றையும் லஞ்சத்தின் தலையில் போட்டுவிட்டுக் கை கழுவ முடியாது. ஒரு பைசா கைமாறாத கல்லூரியிலும் தரம் என்ற பெயரில் நடக்கும் வேறொரு கொடுமை இருக்கிறது. அதன் பெயர் ஃபைல். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினர் ஆயிற்று. தேசிய அங்கீகார வாரியத்தின், அதாவது என்பிஏவின், முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் படித்த நம் பொறியாளரை அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் பட்டதாரிக்குச் சமமாக மதிக்க வழி பிறந்தது. நல்ல விஷயம். அதற்காக, என்ன நடத்தினாய் என்பதை விட்டு, மாணவன் என்ன கற்றுக்கொண்டான் என்பதை அளக்கச் சொன்னார்கள். அதுவும் நல்ல விஷயம். நம் ஊருக்கு வந்ததும் அது என்ன ஆயிற்று?

ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு 'கோர்ஸ் அவுட்கம்'. படிப்பு முழுமைக்கும் பத்துக்கு மேல் 'புரோகிராம் அவுட்கம்'. இதை நிமிர்த்தி, அதைப் படுக்கப்போட்டு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 1, 2, 3 என்று ஓர் எண். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸின் நாலாவது அவுட்கம், 'வாழ்நாள் முழுதும் கற்கும் ஆர்வம்' என்ற கடைசி அவுட்கமுக்கு 2 அளவு உதவுகிறது என்று ஒருவர் நிரப்புகிறார். ஏன் 2? போன வருட ஃபைலில் 2 இருந்தது. இந்த எண்களைப் பெருக்கி வகுத்தால் கடைசியில் 'அட்டெயின்மென்ட்' 2.41 என்று வரும். இலக்கு 2.4. பாருங்கள், ஒரு நூலிழையில் எட்டிவிட்டோம். எட்டாவிட்டால் ஏன் எட்டவில்லை என்று தனி ஃபைல் போடவேண்டும் என்பதால் எல்லா வருடமும் ஒரு நூலிழையில் எட்டிவிடுகிறோம். கமிட்டி வரும் வருடத்தில் மூன்று வருட ஃபைலும் இரண்டு மாதத்தில் பிறக்கின்றன. 2022இல் நடந்ததாகச் சொல்லப்படும் கூட்டத்தின் தீர்மானத்தில், 2024இல் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் பழைய தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அந்த இரண்டு மாதமும் வகுப்பு? மாணவர்களுக்கு 'சுயகற்றல்' என்று எழுதிக்கொள்ளலாம். கடைசி அவுட்கமுக்கு அது 3.

அரசு பாலிடெக்னிக் பக்கம் பார்வையைத் திருப்புவோம், அரசு நடத்துவதாயிற்றே, ஒழுங்காக இருக்கும் என்று. பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணியிடங்கள் 1,058க்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் தேர்வு நடத்தியது. 196 பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டிருந்தன. 2018 பிப்ரவரியில் தேர்வே ரத்து. மறுதேர்வு எப்போது? 2021 டிசம்பரில். டிப்ளமோ மூன்று வருடப் படிப்பு. முதலாம் ஆண்டில் சேர்ந்த பையன் முழுப் படிப்பையும் முடித்துவிட்டு வெளியே போனான், வாத்தியார் வரவில்லை. இதில் தப்பு செய்யாமல் உண்மையாக எழுதித் தேறியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நாலு வருடம் வீட்டில் உட்கார்ந்து, வயதைத் தின்றுகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்கள். அதே 2018இல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு விவகாரமும் வெடித்தது. தாளுக்கு 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்றினார்கள் என்பது புகார்; முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி உள்ளிட்டோர் மேல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. சொல்லிக்கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பெண்ணிலும் கை, கற்றுக்கொண்டவனை அளக்கும் மதிப்பெண்ணிலும் கை. நடுவில் இருக்கும் மூன்று வருடத்துக்கு மட்டும் தரச்சான்று கேட்கிறோம்.

ஐடிஐ பற்றி யாரும் எழுதுவதில்லை. டெல்லியில் தரக் கொள்கை வகுக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐடிஐயில் படிப்பதில்லை என்பதால் இருக்கலாம். ஃபிட்டர் படிக்க வருகிற பையனுக்கு முதலில் கொடுப்பது ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும். ராவு, ராவு, இன்னும் ராவு. நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரியக்கூடாது. கை கொப்பளித்து, கொப்பளம் காய்ப்பேறி, ஒருநாள் அந்த வெளிச்சம் மறையும். அன்றுதான் அவன் ஃபிட்டர். இதற்குக் குறுக்குவழி கிடையாது. இதை அளக்க எந்த அவுட்கம் கட்டமும் தேவையில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் போதும். இந்தப் படிப்புக்குத்தான் ஊரெங்கும் மாடிப்படிக்கு அடியிலும் கல்யாண மண்டபத்துப் பின்கட்டிலும் தனியார் ஐடிஐ முளைத்தது. 2012க்குப் பிறகு இவற்றை ஆய்ந்து சான்று தரும் வேலை இந்தியத் தரக் கவுன்சிலிடம் போனது. சான்றுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. விதிமுறைகளைக் காற்றில் விட்டு அங்கீகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பின்னால் நாடாளுமன்றத்தின் தொழிலாளர் நிலைக்குழுவே சொல்லவேண்டி வந்தது. கவுன்சிலின் பெயரிலேயே தரம் இருக்கிறதே, வேறெங்கே இருக்கவேண்டும்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தார்கள். நவீன இயந்திரங்கள் வந்திருக்கின்றன. வந்தது நல்லதே. ஆனால் வெல்டிங் கற்றுக்கொள்ள இயந்திரம் மட்டும் போதாது, ராடு வேண்டும். நூறு ராடு எரித்தவன் கைதான் நூற்றியோராவது ராடில் நடுங்காது. ஒரு பையன் ஒரு வருடத்தில் எத்தனை ராடு எரித்தான் என்ற கணக்கை எந்த ஆய்வுக் குழுவாவது கேட்கிறதா? கட்டடத்தின் சதுர அடியைக் கேட்கும். கழிவறை எத்தனை என்று கேட்கும். தீயணைப்புச் சான்று கேட்கும். ராடைக் கேட்காது.

குறுகியகாலத் திறன் பயிற்சியின் கதை எல்லாவற்றுக்கும் மகுடம். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது. அதைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு விவரத்தைத் தேடிப் போனார்கள். 94.53 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் பூஜ்ஜியம், அல்லது வெற்றிடம், அல்லது 'பொருந்தாது'. சிலருக்கு எண் இருந்தது, 11111111111 என்று. சிலருக்கு 123456. ஒரே போட்டோ பல பயனாளிகளுக்கு. பூட்டிக்கிடந்த பயிற்சி மையங்கள். பயனாளிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டபோது வந்த சொற்பப் பதில்களிலும் பெரும்பாலானவை பயிற்சி நிறுவனங்களின் முகவரிகளிலிருந்தே வந்தன. பயிற்சி பெற்றவரின் சார்பில் பயிற்சி கொடுத்தவரே திருப்தி தெரிவித்துக்கொண்டார். ரேஷன் கடையில் கைரேகை ஒத்துப்போகவில்லை என்று ஒரு கிழவியைத் திருப்பி அனுப்புகிற அதே தேசத்தின் கம்ப்யூட்டர், பதினொரு ஒன்றுகளை ஒரு மனிதனின் வங்கிக் கணக்கு என்று வணங்கி ஏற்றுக்கொண்டது.

இந்தக் கூத்துக்கெல்லாம் டிக்கெட் வாங்கியவன் யார் என்று சொல்கிறேன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன். 1980களின் நடுவில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோது, அந்தக் கதவு வழியாகத்தான் இவன் உள்ளே வந்தான். அதற்கு முன்னால் அந்தப் படிப்பு அவன் ஊர்ப்பக்கம் வந்ததே இல்லை. அதனால் கல்லூரிகளை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வகுப்புக்கு வயரும் ரெசிஸ்டரும் தன் கைக்காசில் வாங்கி வருகிற வாத்தியார்களும் இதே கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களால்தான் இந்த வண்டி இன்னும் ஓடுகிறது. எந்த கிரேடிலும் அவர்கள் பெயர் வராது. ஆனால் அந்த முதல் பட்டதாரியின் அப்பா கரும்புக்காட்டை அடமானம் வைத்தார். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தாள். வங்கி கல்விக்கடன் கொடுத்தது, வட்டியைப் படிக்கும்போதே எண்ணத் தொடங்கியது. நாலு வருடம் கழித்து 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று பைபாஸ் ரோட்டு ஃப்ளெக்ஸில் சிரிக்கிற கல்லூரியிலிருந்து அவன் வெளியே வருகிறான். இன்டர்வியூவில் வெர்னியரைக் கொடுத்து இதன் அளவைச் சொல் என்கிறார்கள். நாலு வருடத்தில் அதை அவன் கண்ணாடி அலமாரிக்குள்தான் பார்த்திருக்கிறான். 'வேலைக்குத் தகுதியில்லாத இளைஞர்கள்' என்று மறுநாள் ஒரு தொழிலதிபர் மேடையில் வருத்தப்படுகிறார். அவருடைய மேடைக்குப் பக்கத்திலேயே அந்தக் கல்லூரியின் தாளாளர் பொன்னாடையோடு உட்கார்ந்து தலையாட்டுகிறார். தகுதியில்லை என்ற பட்டம் மட்டும் பையனுக்கு. ஆய்வு செய்யாத கமிட்டிக்குத் தகுதி உண்டு, இல்லாத வாத்தியாருக்குத் தகுதி உண்டு, ஓடாத லேத்துக்கும் தகுதி உண்டு. வாங்கிய காசுக்குச் சொல்லித்தராமல் விட்டவர்கள் அத்தனை பேரும் தரச்சான்றோடு இருக்க, காசைக் கட்டியவன் ஒருவன்தான் தரமற்றவன்!

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நோட்டீஸ். விளக்கம். 'எங்களுக்கே தெரியாமல் ஆசிரியர்கள் ஏமாற்றிவிட்டார்கள்' என்று நிர்வாகம் சொல்லும். தன்னிடம் வேலை பார்க்கும் பேராசிரியர் வருடம் முழுவதும் வரவில்லை என்பதே தெரியாத நிர்வாகம்! வேலை பார்ப்பவன் ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அரைநாள் சம்பளத்தைப் பிடிக்கிற பயோமெட்ரிக் மெஷின், 32 கல்லூரிக்காரருக்கு முன்னால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டதாம். நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

அரசாங்கம் திருந்தும், கவுன்சில் திருந்தும் என்று காத்திருக்க உங்களுக்கு நேரம் இல்லை. கவுன்சலிங் இதோ வந்துவிடும். ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆசிரியர் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. 'மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்' என்ற பெயரில், யாரும் தேடாத மூலையில் அது இருக்கும். அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போங்கள். ஏ.சி. வரவேற்பறையில் காபி கொடுப்பார்கள், குடியுங்கள், உங்கள் காசுதான். பிறகு அந்தப் பட்டியலில் ஏழாவது பெயரில் விரலை வைத்து, இவரைப் பார்க்கவேண்டும், இப்போது எந்த வகுப்பில் இருக்கிறார் என்று கேளுங்கள். பதினைந்தாவது பெயரைக் கேளுங்கள். இன்று லீவு என்றால் நாளை வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போய், மூன்றாம் வருடப் பையன் யாரையாவது கூப்பிட்டு லேத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கமிட்டி இல்லை, உங்களுக்கு யாரும் நாதஸ்வரம் வாசிக்கமாட்டார்கள், ஐஃபோன் கொடுக்கமாட்டார்கள். ஆனால் ஃபீஸ் கட்டப்போவது நீங்கள். லேத் ஓடவில்லை என்றால் எழுந்து வாருங்கள். வரும்போது, அன்று உங்களோடு வரிசையில் நின்ற மற்ற அப்பா அம்மாக்களிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.